எழுதி வாங்காதவர்

ஸ்காபரோவின் மல்வேர்னில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு விற்கப்பட்டுவிட்டது என்பது, அந்த வீட்டுக்காக இத்தனை வருடம் உழைத்த மனிதருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை துஷானி அக்கா பேஸ்மென்ற் படியின் உச்சியில் நின்று என்னை மெதுவாகக் கூப்பிட்டார். கீழே, என் அறைக்கு எதிரறைக்காரரான அவருடைய அப்பா குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் சுவரெல்லாம் கேட்டது.

"நாளைக்கு அப்பாவை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறம். மார்க்கம் ரவுணுக்கு அங்கால ஒரு பழைய பயனியர் பண்ணை வீடு, முதல் குடியேறின வெள்ளைக்காரர் கட்டினது, இப்ப மியூசியம். நீங்களும் வாங்கோ."

"நானா அக்கா?"

"அங்க வச்சுத்தான் அவருக்குச் சொல்லப்போறம். வீடு வித்தாச்சு. மிதுசனுக்கு எட்மன்ரனில வேலை. நீங்கள் பக்கத்தில நிண்டா அப்பா சத்தம் போடமாட்டார்."

அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது, புருஷனின் வேலைக்காக அவ்வளவு தூரம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று. அதையும் கேட்கவில்லை. குளியலறைக் கதவு திறந்ததும் அக்கா மேலே போய்விட்டார்.

அவர் பெயர் மாமாங்கம். மட்டக்களப்பு அமிர்தகழியில், கோயில் தீர்த்தத் திருவிழாக் காலத்தில் பிறந்ததால் சாமியின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஸ்காபரோவில் பாண் தயாரிக்கும் பேக்கரி ஃபக்டரி ஒன்றில் அறுபது கடந்த பிறகும் வேலை செய்கிறார். அங்கே லெஸ்லி என்ற சூப்பர்வைசருக்கு முழுப்பெயரும் வாயில் நுழையவில்லை. "மாமா, மாமா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டான்.

"வெள்ளைக்காரன் என்னை மாமா எண்டுறான் மனே. என்னட்ட இருந்தது ஒரு மகள், அவளையும் குடுத்தாச்சு. இனி இவனுக்கு நான் எங்க போறது?"

இதை மாதத்துக்கு ஒரு தரமாவது சொல்லுவார். ஒவ்வொரு தரமும் முதல் தரம்போலச் சிரிப்பார்.

நான் யாழ்ப்பாணம். படிக்க வந்து, படிப்பு முடிந்து, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு நடுவே ஒரு சின்னக் குசினியும் ஒரு மேசையும்தான். அவர் அதிகம் கதைப்பார், நான் குறைவாகக் கதைப்பேன். எங்கள் இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

அவருடைய ஊரில் வீடு ஆணுக்கு இல்லை. பெண்ணுக்குத்தான். கல்யாணம் கட்டியவன் பெண்சாதியின் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் வளர்ந்து அவளுக்கு மாப்பிள்ளை வந்ததும் தாயும் தகப்பனும் அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டுதான். ஆனால் இவர்கள் அளவுக்கு நாங்கள் போவதில்லை. ஒரு ஆண் தாய் வீட்டில் பிறந்து, பெண்சாதி வீட்டில் வாழ்ந்து, மகள் வளவில் சாகிறான் என்பதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. பஸ் போகும் வழியைச் சொல்வதுபோலச் சொல்வார்.

துஷானி அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது அவருடைய மனைவி கோணேஸ்வரிக்கு வருத்தம் முற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, "வீடில்லாம புள்ளையைக் குடுக்கிறதா?" என்று ஒரே பிடியாக நின்றாராம். இவர் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ் லோயரிடம் போய், வீட்டை மகள் பெயருக்கு மாற்றச் சொன்னார். அந்த லோயர் பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னதை மாமாங்கம் அங்கிள் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார்.

"'அண்ணை, உங்கட பேரையும் அதில போட்டு விடுங்கோ. நாளைக்கு ஒண்டெண்டா உங்களுக்கு ஒரு பிடி வேணுமெல்லே' எண்டுறான் மனே. சீதனம் குடுத்த வீட்டில தகப்பன்ர பேரு! ஊரில கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பானுகள். ஆளும் உன்ர ஊர்தான். நீங்க யாழ்ப்பாணத்து ஆக்கள் எழுத்தோடயே பிறந்து எழுத்தோடயே சாகிற ஆக்கள்."

"அவர் நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பார் அங்கிள்."

"ஓம், நல்லதுக்குத்தான். பெத்த புள்ளையை நம்பாம இரிக்கிறதுக்கு நல்ல வழி."

கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் கோணேஸ்வரி போய்விட்டார். மாமாங்கம் அங்கிள் தன் உடுப்புகளையும், ஒரு சாமிப் படத்தையும், மனைவியின் ஒரு கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்றுக்கு இறங்கினார். அதைப் பேஸ்மென்ற் என்று அவர் சொல்வதில்லை. "பின்வீடு" என்பார். பக்கக் கதவால்தான் வந்து போவார். மேலே போக வேண்டுமென்றால் படியின் கீழ் நின்று "புள்ள, வரட்டா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே கால் வைப்பார். தான் கடன் கட்டி முடித்த வீட்டில் ஒரு மனிதன் இப்படி அனுமதி கேட்பதை முதல் தரம் கேட்டபோது எனக்கு அது அவமானமாகப் பட்டது. அவருக்கு அது மரியாதை. வீடு அவளுடையது, அவ்வளவுதான். புல் வெட்டுவதும், பனி தள்ளுவதும், குப்பைப் பெட்டியை வெளியே இழுத்து வைப்பதும் அவர்தான்.

வீடு விற்பனைக்கு என்று முன்னால் போர்ட் ஏதும் நடவில்லை. மிதுசனின் கூட்டாளி ஒருவர் மூலமாகவே ஆள் பிடித்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அவர் வேலைக்குப் போன பொழுதுகளில் வந்து போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. காரில் முன்னுக்கு மிதுசனும் துஷானி அக்காவும், பின்னுக்கு நாங்கள் இருவரும். அங்கிள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். மகள் கூட்டிக்கொண்டு போகிறாள் என்ற பெருமை அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"என்னகா புள்ள, பிறந்தநாளா? ஏன் திடீரெண்டு?"

"சும்மா அப்பா. வெதர் நல்லா இருக்கு."

"மிதுசன் லீவு நாளில நித்திரையை விட்டு வெளிக்கிட்டிருக்கிறார். மழைதான் வரப்போகுது."

மிதுசன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயந்தவர்கள் எல்லாவற்றையும் கடைசி நாள்வரை ஒளித்து வைக்கிறார்கள். நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்த என்னைத் தவிர வேறு யாருக்கு அது நன்றாகத் தெரியும்?

அந்தப் பண்ணை பெருந்தெருவை விட்டு விலகி, புதிதாக முளைத்த வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் இருந்தது. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடு. இடுக்குகளில் சுண்ணாம்பு. பக்கத்தில் ஒரு கிணறு, ஒரு கொட்டில், வேலி ஓரமாகச் சாய்ந்த சில கல்லறைக் கற்கள். தொப்பியும் நீளப் பாவாடையும் போட்ட ஜெனாட் என்ற வயதான பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். தொடங்குமுன் கைகளைக் கோத்துக்கொண்டு, இந்த நிலம் யார் யாருடைய பூர்வீக நிலம் என்று மனப்பாடமாகச் சொன்னார்.

அங்கிள் என் காதருகே குனிந்தார். "என்ன மந்திரம் இது?"

"இது முந்தி இஞ்ச இருந்த ஆக்களின்ர காணி எண்டு சொல்லுறா."

"பிறகு இவங்கள் எப்பிடி வந்தவங்கள்?"

"குடியேறினவங்கள் அங்கிள். அரசாங்கம் குடுத்தது."

கிழக்கு மாகாணத்து மனிதரிடம் குடியேற்றம் என்ற சொல்லை எடுத்தால் அது தனியாக வராது, அரசாங்கம் அவர்கள் காணிகளில் சிங்களவர்களைக் குடியேற்றிய கதையும் சேர்ந்தே வரும்.

"எங்கட பக்கத்தில குடியேத்தினவன் இப்பிடிச் சொல்லுறதுமில்ல," என்றார். "ஆனா ஒண்டு. சொல்லிப்போட்டும் வீட்டை வச்சுக்கொண்டுதானே நிக்கிறாங்கள்."

உள்ளே இருட்டாக இருந்தது. அடுப்பு, கருகிய கேத்தில், ஒரு தொட்டில். கிழக்குப் பக்கமாகத் தனியே ஒரு சின்ன அறை. வாசலில் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரு கட்டில், மேலே துண்டுத் துணிகளால் தைத்த போர்வை, ஒரு ஜன்னல். இந்த வீட்டைக் கட்டிய எட்வேட் தன் கடைசிக் காலத்தில் இருந்த அறை இதுதான் என்றார் ஜெனாட். அவர் உயிரோடிருக்கும்போதே முழுப் பண்ணையையும் தன் மகன் ஜோசுவாவுக்குக் கொடுத்துவிட்டாராம். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. லோயரை வைத்து எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாராம். சாகும்வரை இந்தக் கிழக்கு அறை தனக்கு. விறகை வெட்டி வாசலுக்குக் கொண்டுவந்து போட வேண்டும். ஒரு பசுவின் பால். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வண்டியில் கூட்டிப் போக வேண்டும். இதில் எது தவறினாலும் காணி திரும்பவும் தகப்பனுக்கே. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பெற்றோர் பலர் இப்படித்தான் செய்தார்கள் என்றார்.

நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல அங்கிளின் முகம் விரிந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது.

"மகனிட்ட பாலுக்கு எழுத்தா? ஐயோ மனே! பெத்த புள்ளையிட்டயே!" தொடையில் தட்டினார். "கேட்டியா புள்ள? இந்த வெள்ளைக்காரனும் உன்ர புருசனைப்போல யாழ்ப்பாணத்து ஊர்க்காரனா இரிக்கோணும்."

துஷானி அக்கா சிரிக்கவில்லை. தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிதுசன் ஃபோனை எடுத்து, எதையும் திறக்காமல், திரும்பவும் பொக்கெற்றில் வைத்தார். அங்கிள் மட்டும் அந்த வீட்டை விட்டு வெளியே வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

மேப்பிள் மரத்துக்குக் கீழே மர மேசை. அக்கா கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார். புளிச்சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி. எல்லாம் அவருக்குப் பிடித்தவை. தண்டனைக்கு முந்திய சாப்பாடுபோல இருந்தது எனக்கு.

"அப்பா," என்றார் அக்கா. "வி ஹாவ் டு டெல் யு சம்திங்."

"சொல்லு."

அக்கா மிதுசனைப் பார்த்தார். மிதுசன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். அக்காவே சொன்னார். வேலை, எட்மன்ரன், வீடு, ஆள் கிடைத்தது, எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. ஒரே மூச்சில், பாடம் ஒப்புவிக்கும் பிள்ளைபோல. ஒக்டோபர் முடிவில் வீட்டைக் காலிசெய்து திறப்புக் கொடுக்க வேண்டுமாம்.

அங்கிள் கையில் பிசைந்து வைத்திருந்த சோற்று உருண்டையை மெதுவாக வாயில் வைத்தார். மென்று விழுங்கினார்.

"அங்க எத்தின றூம் புள்ள?"

"த்ரீ அப்பா. பட், ஒண்டு மிதுசன்ர ஒஃபிஸ். வேர்க் ஃப்றம் ஹோம்தானே."

"ஓம், ஒஃபிஸ் வேணும்தானே." இன்னொரு பிடி எடுத்தார். "கீழ?"

"பேஸ்மென்ற் இன்னும் முடிக்கேல்ல மாமா," என்றார் மிதுசன். "வெறும் கொங்கிறீற். உங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது."

"ஓம். மல்வேர்னில இவ்வளவு நாளும் நான் வெயில்லதானே காய்ஞ்சனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அப்பா, ப்ளீஸ். உங்களை சீனியர்ஸ் பில்டிங்குக்குப் பதிஞ்சிருக்கிறன். லிஸ்ற் கொஞ்சம் நீளம். அதுவரைக்கும் வோபர்னில ஒரு றூம் பாத்திருக்கு. தமிழ் ஆக்கள்தான். நாங்கள் செற்றில் ஆனாப்பிறகு யோசிப்பம்."

"ஆனாப்பிறகு," என்று அவர் திரும்பச் சொன்னார். கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மகள் கட்டிக்கொண்டு வந்த சோறு. பிறகு கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

நேரம் போனது. அவர் வரவில்லை. மிதுசன் ஒருமுறை எழுந்து, திரும்பவும் உட்கார்ந்தார். நான் தேடிப் போனேன். கிணற்றடியில் இல்லை. கல்லறைக் கற்களின் பக்கம் இல்லை. அந்த மரக்குற்றி வீட்டுக்குள் ஜெனாட்டின் குரல் கேட்டது. மிகவும் மென்மையாக, ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல.

மாமாங்கம் அங்கிள் கயிற்றைத் தாண்டிப் போய் எட்வேட்டின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தார். இரண்டு கைகளும் போர்வையின் மேல் விரிந்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் விழுந்திருந்தது. அந்த அறை இத்தனை காலமும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்து கண்டுபிடித்ததுபோல இருந்தது.

"அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஜெனாட் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "அது பழைய கட்டில். யாரும் உட்காரக் கூடாது."

"அங்கிள், எழும்புங்கோ."

"மனே, இவவிட்ட ஒண்டு கேளு. மகன் குடுத்தவனா? விறகும் பாலும்."

கேட்டேன். ஜெனாட்டின் முகம் இளகியது. கொடுத்தான் என்றார். கடைசிவரை கொடுத்தான். எட்வேட் இந்தக் கட்டிலில்தான் உயிர் விட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"எழுதினதால குடுத்தானா, மகன் எண்டதால குடுத்தானா? அதையும் கேளு."

அதையும் கேட்டேன். என் ஆங்கிலம் தடுமாறியது. ஜெனாட் தோளைக் குலுக்கி, அது யாருக்கும் தெரியாது என்றார்.

"தெரியாதாம் அங்கிள்."

"ஓம். எனக்கும் தெரியாது."

துஷானி அக்கா வாசலில் வந்து நின்றார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "அப்பா, வாட் ஆர் யு டூயிங்? இது மியூசியம். ஆக்கள் பாக்கினம், எழும்புங்கோ."

அவர் உடனே எழுந்தார். சப்பாத்தை மாட்டினார். தான் இருந்து கசங்கிய இடத்தை உள்ளங்கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்தார். ஜெனாட்டைப் பார்த்து "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். கயிற்றைத் தாண்டும்போது கால் சிக்கியது. நான் பிடித்துக்கொண்டேன். அவருடைய முழங்கை இவ்வளவு மெல்லியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதே வரிசையில் காரில் ஏறித் திரும்பினோம். வீடு நெருங்கிய பிறகுதான் அங்கிள் முன்னுக்குச் சாய்ந்தார்.

"புள்ள, அங்க வாங்கிற வீடு உன்ர பேரிலதானே?"

அக்கா திரும்பவில்லை. "மிதுசன்ர பேரில, அப்பா. மோட்கேஜ் அவர்ர சம்பளத்திலதானே எடுக்கிறம். நான் அங்க போய்த்தான் வேலை தேடோணும்."

"இந்த வீட்டுக் காசு?"

"அது அந்த வீட்டுக்குத்தானே போகுது."

இவ்வளவு நேரமும் ஒரு சொல் உயராத மனிதரின் குரல் அப்போது உடைந்தது. தனக்கு அறை இல்லை என்றபோது உடையாத குரல்.

"அது அம்மா தந்த வீடுகா. உன்னை ஆரும் வெளியால போ எண்டு சொல்லக்கூடாதெண்டு தந்த வீடு."

"மாமா, நான் அப்பிடிச் சொல்லுவனா?" என்றார் மிதுசன். அவருடைய காது சிவந்துவிட்டது.

"நீங்க சொல்லமாட்டீங்க மகன். நல்ல ஆள்தான். உங்கட நல்ல குணத்தை நான் ஒண்டும் குறை சொல்லேல்ல." பிறகு மகளின் இருக்கையின் மேல் கையை வைத்தார். "உன்ர பேரையும் அதில போட்டு விடச் சொல்லு புள்ள. நாளைக்கு ஒண்டெண்டா உனக்கு ஒரு பிடி வேணும்."

அக்கா இப்போது திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயில் இருந்தது சிரிப்பு, கோபம் கலந்த ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் முன்பு எங்கே பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலைதான், அந்த இருட்டு அறை வாசலில், அங்கிளின் வாயில் அது பெரிதாக வெடித்ததைப் பார்த்தேன்.

"அப்பா, ஹி இஸ் மை ஹஸ்பண்ட். அவரிட்டயா நான் எழுதி வாங்கிறது?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். பின்னுக்குச் சாய்ந்தார். அதன் பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் தரிப்புகளில் வேலைக்குப் போகும் ஆட்கள் சாப்பாட்டுப் பைகளோடு நின்றார்கள்.

வழக்கம்போலப் பக்கக் கதவால் இறங்கினோம். அவர் சேர்ட்டைக் கழற்றிக் கொழுவினார். மேசைக்கு முன் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்த லோயர் இன்னும் அஜின்கோர்ட்டிலதான் இரிக்கிறானா?"

"தெரியேல்ல அங்கிள். பாத்துச் சொல்லவா?"

மேலே யாரோ ஒரு பெட்டியை இழுத்தார்கள். டேப்பை இழுத்து ஒட்டும் சத்தம், கிழிக்கும் சத்தம், திரும்பவும் இழுக்கும் சத்தம். இதுவரை ஒளித்துச் செய்ததை இனி ஒளிக்க வேண்டியதில்லை.

"வேணாம் மனே," என்றார். "போய் என்னத்தைக் கேக்கிறது? என்ர பேரில ஒண்டும் இல்லையே."

எழுந்து தன் அறைப் பக்கம் நடந்தார். போகும் வழியில் பழக்கத்தில் படியின் கீழ் ஒரு கணம் நின்று, மேலே நிமிர்ந்து பார்த்தார். "புள்ள" என்று கூப்பிட வாய் எடுத்ததுபோல இருந்தது. கூப்பிடவில்லை.